ஜெர்மனிக்குப் புதிதாக வரும் வெளிநாட்டு மாணவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஜெர்மனியில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். ஃபாக்‌ஷாஃப்ட் எனப்படும் துறை மாணவர் மன்றத்தில், புதிதாக வரும் வெளிநாட்டு மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்கு வந்திருக்கிறது. சென்ற அக்டோபரில் வரவேற்பு வாரம் கலகலப்பாக நடந்தது. டிசம்பர் வருவதற்குள் பாதிப் பேர் கண்ணில் படவில்லை. இந்த ஆண்டு என்ன மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு வழிகாட்டும் வேலையில் பல ஆண்டுகளாக இங்கே இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

வரவேற்பு வாரத்தில் பெரிய குறை எதுவும் இருந்திருக்காது. உழைப்பு முழுவதையும் அந்த ஒரு வாரத்தில் கொட்டிவிட்டதுதான் சிக்கல். முதல் வாரத்தில் எல்லோருக்கும் எல்லோரும் புதியவர்கள். யாரும் யாருடனும் பேசுவார்கள். நவம்பரில் நட்பு வட்டங்கள் இறுகிவிடும், பாடம் கனக்கத் தொடங்கும், இருட்டும் குளிரும் சேர்ந்துகொள்ளும். உங்களிடம் இருக்கும் நேரத்தையும் பணத்தையும் இரண்டாகப் பிரித்தால், பெரிய பங்கை நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்கு வையுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காகித வேலைகள் முடியாதவரை எந்த மாணவருக்கும் நண்பர்கள் தேடும் மனநிலை வராது. வந்து இறங்கியவர் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். முதல் மாதத்தில் தற்காலிக அறையில் தங்குபவருக்கு அந்தக் கடிதத்தைத் தர உரிமையாளர் பல நேரம் மறுத்துவிடுவார். பதிவு இல்லாவிட்டால் வரி எண் வீடு தேடி வராது. அது இல்லாமல் பகுதிநேர வேலையில் சம்பளம் ஒழுங்காகக் கணக்கிடப்படாது. வங்கிக் கணக்கு திறப்பதிலும் இழுபறி. நம் ஊரிலிருந்து வருபவர்கள் பிளாக்டு அக்கவுண்ட் எனப்படும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கென்று 11,904 யூரோ போட்டுவிட்டு வருகிறார்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும். அதுவும் இங்கே நடப்புக் கணக்கு ஒன்று திறந்த பிறகுதான். கணக்கில் பன்னிரண்டு லட்சம் ரூபாய்க்கும் மேல் இருந்தும், முதல் சில வாரங்கள் ரொட்டிக்குக் கணக்குப் பார்க்கும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அப்படிப்பட்டவரை நுழைவுக் கட்டணம் பத்து யூரோ உள்ள விருந்துக்கு அழைத்தால், ‘தலைவலி, வரவில்லை’ என்றுதான் பதில் வரும்.

எனவே உங்கள் முதல் நிகழ்ச்சி அலுவலகத்துக்குக் கூட்டாகப் போவதாக இருக்கட்டும். ஜெர்மன் பேசும் ஒருவர், புதியவர்கள் நான்கைந்து பேர், கையில் நிரப்பிய படிவங்கள். முகவரிப் பதிவு முடிந்ததும் பக்கத்தில் ஒரு காபி. இரண்டு மணி நேரம் வரிசையில் ஒன்றாக நின்றவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் மறப்பதில்லை. இதனுடன் ஊர் திரும்பும் மாணவர்கள் விட்டுச்செல்லும் போர்வை, பாத்திரம், ரைஸ் குக்கர், மேசை விளக்கு ஆகியவற்றை வாங்கி ஓர் அறையில் சேர்த்து வைத்து, புதியவர்களுக்குக் கொடுங்கள். செலவே இல்லாத உதவி இது. முதல் இரவில் போர்வை இல்லாமல் நடுங்கியவருக்கு அதன் மதிப்பு தெரியும்.

வருவதற்கு முன்பே எழுதி அனுப்ப வேண்டிய செய்திகள் இரண்டு உண்டு. அறையை யாரும் நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது; வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைத்தே இந்த மோசடி நடக்கிறது. முப்பது வயதைக் கடந்து வருபவருக்குப் பொது மருத்துவக் காப்பீட்டின் மாணவர் சலுகைக் கட்டணம் பொதுவாகக் கிடைக்காது. அவர் கிளம்பும் முன்பே வல்லுநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாமதமாக வருபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாடங்கள் அக்டோபர் நடுவில் தொடங்கிவிடும். விசா தாமதத்தால் நவம்பரில், சில நேரம் அதற்கும் பிறகு வந்து சேர்பவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிமுக வாரம் கிடையாது, வளாகச் சுற்றுலா கிடையாது, ஆய்வகக் குழுக்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். காணாமல் போகிறார்கள் என்று நீங்கள் நினைக்கும் பாதிப் பேரில் கணிசமானவர்கள், முதலிலேயே உள்ளே வராதவர்களாக இருக்கக்கூடும். நவம்பர் நடுவில் இரண்டாவது அறிமுக நாள் ஒன்றை நடத்துங்கள். அதற்கு முன்பே பேராசிரியர்களிடம் பேசி, ஒவ்வோர் ஆய்வகக் குழுவிலும் ஓர் இடத்தைக் காலியாக வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள், யாரும் கேட்காததால்தான் அவர்கள் இதைச் செய்வதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவாக்கிவிடலாம். ஐரோப்பாவில் வெளிநாட்டு மாணவர்களுக்கான நிகழ்ச்சிகள் பல, 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் பரிமாற்றத் திட்டத்தைச் சுற்றி வளர்ந்தவை. ஒரு பருவமோ இரண்டு பருவமோ தங்கிப்போகும் மாணவர்களுக்கு அவை நன்றாகவே பொருந்தும்: ஊர் சுற்றல், இசை இரவு, வார இறுதிப் பயணம். முழுப் பட்டத்துக்காக வருபவரின் நிலை வேறு. அவருக்குக் கல்விக் கடன் இருக்கிறது, தோற்றால் திரும்பிப் போக வேண்டிய அச்சம் இருக்கிறது, இங்கேயே வேலை தேடும் எண்ணமும் இருக்கிறது. இரு சாராரையும் ஒரே பட்டியலில் வைத்து ஒரே அழைப்பை அனுப்பினால், இரண்டாமவர் இது தனக்கானது இல்லை என்று முதல் மாதத்திலேயே முடிவு செய்துவிடுவார்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன்: தேர்வு. சேர்த்துக்கொள்வது என்றதும் எல்லோருக்கும் விருந்தும் விளையாட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு மாணவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து நிஜமாகவே வெளியே தள்ளுவது தேர்வு விதிகளைப் பற்றிய அறியாமை. தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர் அரியர் என்ற பழக்கத்தோடு வருகிறார். இந்த முறை போனால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்பது அவர் அனுபவம். இங்கே பல பாடத்திட்டங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவது முறையும் தோற்றால் அந்தப் படிப்பே முடிந்துபோகும். வேறு பல்கலைக்கழகத்தில் அதே படிப்பைத் தொடர்வதும் பெரும்பாலும் முடியாது. தங்கும் அனுமதியும் படிப்போடு கட்டப்பட்டது. தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதும், அதற்குக் கடைசித் தேதி உண்டு என்பதும் பலருக்குத் தேதி கடந்த பிறகே தெரிகிறது. பெரும்பாலான பாடங்களில் வகுப்புக்கு வருகைப்பதிவு இல்லை, இடைப்பருவத் தேர்வு இல்லை, பருவம் முழுவதற்கும் ஒரே தேர்வு. யாரும் கண்டிக்காத இந்தச் சுதந்திரத்தைப் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று நம்பிவிடுகிறார்கள்.

உள்ளூர் மாணவர்கள் இதையெல்லாம் எங்கே தெரிந்துகொள்கிறார்கள்? மூத்தவர்களிடம், மென்சா உணவகத்தின் மேசையில், பழைய வினாத்தாள் தொகுப்புகளில். அந்தத் தொகுப்புகள் பெரும்பாலும் உங்கள் மன்றத்திடமே இருக்கும். அவற்றை ஆங்கிலத்தில் விளக்கத்தோடு திறந்துவிடுங்கள். நவம்பர் கடைசியில் ஒரு மாலை உட்கார்ந்து, எந்தத் தேர்வுக்கு என்று பதிவு, எந்தப் பாடத்துக்கு எத்தனை வாய்ப்பு, எதை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைப்பது புத்திசாலித்தனம் என்று பேசுங்கள். மூத்த மாணவர் ஒருவர் தாம் தோற்ற பாடத்தைப் பற்றி அங்கே வெளிப்படையாகப் பேசினால் கூட்டத்தின் இறுக்கம் தளர்ந்துவிடும். பிறகு அங்கேயே அவர்களைப் படிப்புக் குழுக்களாகப் பிரித்துவிடுங்கள். நீங்களே பிரித்துவிடுங்கள், ‘விருப்பப்படி சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று விட்டால் ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாகிவிடுவார்கள், தனியாக வந்தவர் தனியாகவே நிற்பார். ஒவ்வொரு குழுவிலும் இந்த நாட்டுக் கல்விமுறை தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும்.

சின்னச் சின்ன வழக்கங்களையும் அப்போதே சொல்லிவிடலாம். கால அட்டவணையில் பத்து மணி என்று போட்டு, பக்கத்தில் சி.டி. என்ற எழுத்துகள் இருந்தால் வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்கும், எஸ்.டி. என்றிருந்தால் சரியாகப் பத்துக்கு. விரிவுரை முடிந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டுவது பாராட்டு, கோபம் அல்ல. பேராசிரியரின் கருத்தை வகுப்பிலேயே மறுத்துக் கேள்வி கேட்பது இங்கே மரியாதைக் குறைவாகாது. இந்தக் கடைசியைத்தான் நம் பிள்ளைகளுக்கு நம்பவைப்பது கடினம். மூத்த மாணவர் ஒருவர் கேட்பதைக் கண்ணால் பார்த்தால் துணிவு வரும்.

அடுத்தது பொறுப்பு. உதவி பெறுபவராக மட்டும் வைக்கப்பட்டிருக்கும் ஒருவர் எத்தனை நாள் ஆனாலும் விருந்தாளியாகவே உணர்வார். அவர் வராவிட்டால் ஏதோ ஒரு வேலை நிற்கும் என்ற நிலை வரும்போதுதான் இடம் பிடித்தவராகிறார். புதியவர்களிடம் மூன்றாவது வாரத்திலேயே வேலை கொடுங்கள்: சைக்கிள் பழுதுபார்க்கும் மாலைக்குக் கருவிகளைக் கவனிப்பது, மன்றத்தின் அறிவிப்புகளை ஆங்கிலத்தில் எழுதுவது, கிரிக்கெட் மட்டையும் பந்தும் வைத்துக்கொண்டு ஞாயிறு ஆட்டத்தை நடத்துவது. கிரிக்கெட் என்றதும் இந்தியர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அகதிகளாக வந்த ஆப்கானிய இளைஞர்களால் இந்த நாட்டில் அந்த ஆட்டம் வேகமாக வளர்ந்தது. எப்படி ஆடுவது என்று கேட்டு வரும் ஜெர்மன் மாணவர்களும் உண்டு. புதியவர் கற்றுக்கொடுப்பவராகவும் உள்ளூர்க்காரர் கற்பவராகவும் மாறும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்?

உங்கள் மன்றக் கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது என்றும் பாருங்கள். ஆங்கிலவழி முதுகலை மாணவர்கள் பாதிக்கு மேல் இருக்கும் துறையில், கூட்டமும் குறிப்பும் ஜெர்மனில் மட்டும் இருந்தால் கதவு சாத்தியிருக்கிறது என்றே பொருள். கூட்டத்தின் முதல் பாதியை ஆங்கிலத்தில் நடத்தலாம். குறிப்பை இரு மொழியிலும் அனுப்பலாம். அதே வேளையில் ஜெர்மன் கற்கத் துடிப்பவரைத் தடுத்துவிடவும் கூடாது. தடுமாறி ஜெர்மனில் பேசத் தொடங்குபவரிடம் உடனே ஆங்கிலத்துக்குத் தாவும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் கற்பவர் சோர்ந்துபோகிறார். பொறுமையாகக் கேட்கும் டான்டெம் இணை, அதாவது ஒருவர் மொழியை ஒருவர் கற்றுக்கொள்ளும் துணை ஒருவர் கிடைத்தால், வாரம் ஒரு மணி நேரத்தில் மொழியும் வளரும், நட்பும் வளரும்.

பெரிய நிகழ்ச்சிகளைக் குறைத்து, வாரந்தோறும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே அறை என்று ஒன்றை வையுங்கள். பதிவு வேண்டாம், கட்டணம் வேண்டாம், பாதியில் வந்து பாதியில் போகலாம். சூப், தேநீர், பலகை விளையாட்டு போதும். மூன்று வாரம் வராதவர் நான்காவது வாரம் வந்தால் ‘ஏன் வரவில்லை’ என்று யாரும் கேட்கக் கூடாது. நேரத்தைத் தீர்மானிக்கும் முன் புதியவர்களிடம் கேளுங்கள். 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யலாம். கிடங்கிலும் உணவகத்திலும் மாலை நேர வேலைக்குப் போகிறவர்கள் பலர். வெள்ளி மாலை நிகழ்ச்சி என்றால் அவர்கள் என்றைக்கும் வரமாட்டார்கள்.

பியர் இந்த நாட்டின் மாணவர் வாழ்வில் இயல்பாகக் கலந்தது. அதை எதிர்த்துப் போராட வேண்டாம். ஆனால் முதல் மாத நிகழ்ச்சிகள் எல்லாமே மதுக்கடை வலமாக இருந்தால், குடிக்காதவர் தன்னை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். உணவில் இரண்டே விதி: கிரில் அடுப்பில் இறைச்சிக்கும் காய்கறிக்கும் தனித்தனிக் கம்பிவலை, ஒவ்வொரு பாத்திரத்திலும் பன்றி, மாடு, முட்டை, மது உண்டா என்று எழுதிய சீட்டு. மென்சாவிலும் உணவுப் பட்டியலில் அந்தக் குறியீடுகள் இருக்கின்றன. முதல் நாள் உடன் போய்க் காட்டிவிடுங்கள்.

பெயர்களில் கொஞ்சம் அக்கறை தேவை. தமிழ் மாணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் இருக்கும். பல்கலைக்கழகப் பட்டியல் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் பருவம் முழுவதும் அவரை ‘திரு. சுப்பிரமணியன்’ என்று, அப்பாவின் பெயரால் அழைத்துக்கொண்டிருப்பார். தெற்கு இந்தியர்களில் பலருக்கும், இந்தோனேசியர் சிலருக்கும், எத்தியோப்பியர்களுக்கும் இதே கதை. முதல் நாளே ‘உங்களை எப்படி அழைக்க வேண்டும்’ என்று கேட்டு, பெயரட்டையை அவரவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். வகுப்புப் பட்டியலிலும் அந்தப் பெயரைச் சேர்க்கும்படி ஆசிரியர்களிடம் கேளுங்கள்.

நீங்கள் தமிழர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 2022–23 குளிர்காலப் பருவத்தில் இந்திய மாணவர்கள் சீன மாணவர்களை முந்தி, ஜெர்மனியின் வெளிநாட்டு மாணவர்களில் முதலிடத்துக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டில் எண்ணிக்கை 49 ஆயிரத்தைத் தாண்டியது. எனவே உங்கள் துறையில் தமிழ் வாட்ஸ்அப் குழு, தெலுங்குக் குழு, மலையாளக் குழு எல்லாம் இருக்கும். அவற்றைக் குறை சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. காய்ச்சலில் கிடப்பவருக்கு ரசம் கொண்டுபோய்க் கொடுப்பது அந்தக் குழுதான். சிக்கல் எங்கே என்றால், வெளிநாட்டு மாணவர் நிகழ்ச்சி முழுவதும் மெல்ல மெல்ல இந்தியர் நிகழ்ச்சியாக மாறும்போது. கானாவிலிருந்தோ உஸ்பெகிஸ்தானிலிருந்தோ ஒரே ஒருவராக வந்தவர் அங்கே இரண்டாம் முறை அந்நியராகிறார். அவர் இருக்கும் மேசையில் நீங்கள் தமிழில் பேச்சைத் தொடராதீர்கள். குழுவே இல்லாதவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் வைத்து, முதலில் அவர்களுக்கு ஒரு துணை மாணவரைக் கொடுங்கள்.

1980-களிலிருந்து அகதிகளாக வந்த ஈழத்தமிழர் குடும்பங்கள் இங்கே வேரூன்றியிருக்கின்றன. ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். அக்குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அவர்கள் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் வெளிநாட்டு மாணவர் பட்டியலில் சேர்ப்பதும், இலவச மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதும் அவர்களுக்கு வலிக்கும். உதவ வருவதாக அவர்களே விருப்பம் தெரிவித்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

பாகுபாட்டைப் பற்றி ஒன்று. ரயிலில் யாரோ திட்டினார்கள், பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்றார்கள் என்று ஒருவர் வந்து சொன்னால், ‘அவர்கள் அப்படி நினைத்துச் சொல்லியிருக்கமாட்டார்கள்’ என்று தொடங்காதீர்கள். முழுவதும் கேளுங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதிவைக்க உதவுங்கள். பல்கலைக்கழகத்தின் பாகுபாடு எதிர்ப்பு ஆலோசகரிடம் உடன் போங்கள். 2006-ஆம் ஆண்டின் சம நடத்தைச் சட்டம் வேலைக்கு மட்டுமல்லாமல் வீட்டு வாடகைக்கும் பொருந்துகிறது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

டிசம்பரில் பெர்லினில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் நாள்களில் கடைகள் மூடியிருக்கும், மென்சா மூடியிருக்கும், விடுதித் தாழ்வாரத்தில் ஆளிருக்காது. வெளிநாட்டு மாணவர் ஒருவர் ஓராண்டில் மிகத் தனிமையாக உணரும் நாள்கள் அவை. டிசம்பர் 10-க்குள் யார் யார் நகரத்திலேயே இருக்கப்போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கென்று 24-ஆம் தேதி மாலை ஒரு சமையல் கூடுகை போதும். வீட்டுக்கு அழைக்க விரும்பும் ஜெர்மன் குடும்பங்களும் இருக்கின்றன. சர்வதேச அலுவலகத்தைக் கேட்டால் இணைத்துவைப்பார்கள்.

ஒருவர் ஆய்வகத்துக்கு வருவதை நிறுத்தினாலோ, செய்திகளுக்குப் பதிலே தராவிட்டாலோ குழுவில் விசாரிக்காதீர்கள், நேரில் போய்ப் பாருங்கள். வீட்டை அடமானம் வைத்து அனுப்பிய பெற்றோரிடம் ‘முடியவில்லை’ என்று சொல்ல முடியாமல், எல்லாம் நன்றாக இருப்பதாகவே வாரந்தோறும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாணவர் நலச் சேவையான ஷ்டூடியரெண்டன்வெர்க்கில் உளவியல் ஆலோசனை கிடைக்கிறது. பல நகரங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். அங்கே சொல்வது பேராசிரியருக்கோ விசா அலுவலகத்துக்கோ போகாது. இந்தச் செய்தியைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அந்த அச்சத்தில்தான் போகாமல் இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் தயங்காமல் 112 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

ஏப்ரலில் கோடைப் பருவத்துக்கு அடுத்த கூட்டம் வந்துவிடும். அவர்களுக்கான துணை மாணவர்களை இப்போது அக்டோபரில் வருபவர்களிலிருந்தே தேர்ந்தெடுங்கள். பொது அறிவிப்பு வேண்டாம். பிப்ரவரித் தேர்வுகளின் நடுவில் அதை யாரும் படிக்கமாட்டார்கள். ஜனவரி கடைசியில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேளுங்கள், முக்கியமாகக் கூச்சத்தோடு பின்வரிசையில் உட்காருபவர்களிடம்.